சிணுங்கல் எழுதியவர்

அவர் இறந்துவிட்ட செய்தியை என் பழைய சிநேகிதி போனில் சொன்னாள். “பாவம், நல்ல மனுஷன்” என்றாள். நான் “ம்” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு, வருத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய் அரிசி களைந்து உலை வைத்தேன்.

அவரை நல்ல மனுஷன் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு. குடிக்க மாட்டார். யாரையும் ஏமாற்றியதில்லை. கடையில் வேலை பார்த்த பெண்கள் மேல் அவர் விரல் நுனி பட்டதில்லை. இதற்கெல்லாம் நானே சாட்சி சொல்வேன். ஆனாலும் நான் மனதாரத் திட்டுகிற ஒரே ஆள் அவர்தான்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் கடைசி. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தது, கேசட் அட்டையில் பாட்டு வரிசையை அழகான கையெழுத்தில் எழுதுவதற்காக. சேர்ந்த மூன்றாம் நாள், வந்தவர் ஒருவரிடம் “இன்னும் முடியல, நாளைக்கு வாங்க” என்றேன். உள்ளறையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏ பிள்ள, இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன்.

“இதையே செத்த கோவமாச் சொல்லு. ஆனா கோவம் இருக்கப்பிடாது.”

எனக்கு விளங்கவில்லை. அவரே செய்து காட்டினார். ஐம்பதை நெருங்குகிற ஆள், மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம். உதட்டைக் குவித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “போங்க, நாளைக்கு வாங்க” என்று இழுத்தார். நான் சிரித்துவிட்டேன். “ஆங், அந்தச் சிரிப்பு!” என்று கையைத் தட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்கு மனைவியானேன். கேசட்டில்தான்.

பாட்டுப் பதிவு பெயருக்குத்தான். அவருடைய உண்மையான தொழில் உள்ளறையில் நடந்தது. கிரைண்டர், மிக்ஸி, பட்டுச் சேலை, கட்டில் மெத்தை, கலர் டி.வி. என்று கடைக்காரர்களுக்கெல்லாம் விளம்பரக் கேசட் செய்து கொடுப்பார். அதை ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடுவார்கள். ராஜபாளையத்தில் கிளம்புகிற ஆட்டோ, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைச் சுற்றிவிட்டு, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, மகாராஜபுரம் வரை போய்க் கத்திவிட்டு வரும். எந்தச் சாமானாக இருந்தாலும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதாகத்தான் அவர் எழுதுவார். புருஷன் குரல் அவர். பெண்டாட்டி நான்.

“என்னங்க...”

“என்னடா செல்லம்?”

“போங்க. நான் உங்ககூடப் பேச மாட்டேன்.”

“ஏம்மா கோபம்?”

“ஆட்டுக்கல்லுல ஆட்டி ஆட்டி என் கையைப் பாருங்க.”

“அடடா! இந்தப் பிஞ்சுக் கைக்கா இந்தக் கஷ்டம்? கிளம்பு கடைக்கு!”

அதற்கப்புறம் கடையின் பெயர், அதற்கப்புறம் என் சிரிப்பு. கிரைண்டர் என்ற இடத்தில் சேலையைப் போட்டால் சேலை விளம்பரம், மெத்தையைப் போட்டால் மெத்தை விளம்பரம். அந்தச் சிரிப்பை ஒரு தடவை இருபத்திரண்டு முறை சிரிக்க வைத்தார். பதிவின்போது சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். கதவிடுக்கில் கோணிச் சாக்கு செருகியிருக்கும். வேர்த்து ஊற்ற ஊற்ற நான் சிரிக்க வேண்டும். தன் தொண்டைக்கு மட்டும் பிளாஸ்கில் பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் வைத்திருப்பார். பெண்டாட்டித் தொண்டைக்கு மண்பானைத் தண்ணீர்.

ஒரு நாள் நான் சொன்னேன், “சார், எங்க வீட்ல ஞாயித்துக்கெழம மாவாட்டுறது எங்க அப்பாதான். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி.” அப்பா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ஷிப்ட் இல்லாத அன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதையும் ஒரு விளம்பரமாக எழுதலாமே என்று வெள்ளந்தியாகக் கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. “இத வெளிய சொல்லாத பிள்ள. உங்க அப்பாவுக்குத்தான் அசிங்கம்” என்றார். நிஜமான அக்கறையோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பொம்பளை கேட்கணும், ஆம்பளை வாங்கணும் என்பது அவர் கொள்கை. எந்தப் பெண் எதைச் சொன்னாலும் அது அவர் காதுக்குள் சிணுங்கலாகத்தான் போய்ச் சேரும். தெருவில் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை ஓங்கிக்கொண்டு சண்டை போட்டால், மாடியிலிருந்து ரசித்துப் பார்ப்பார். “கோவத்துல கூட ஒரு குழைவு இருக்கு பாத்தியா?” என்பார். அங்கே குழைவும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

பம்ப்செட் மோட்டார் விளம்பரக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூமாப்பட்டி, மகாராஜபுரம் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் பட்டாளத்தில் இருப்பார்கள், இல்லையென்றால் போலீஸில். கிணறு, வயல், மோட்டார் ரிப்பேர் எல்லாம் பெண்கள் தலையில்தான். மோட்டார்க் கடைக்கு வந்து குதிரைசக்தி கேட்டு, காயில் கம்பியைத் தொட்டுப் பார்த்து வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். அதை நான் அவரிடம் சொன்னேன்.

“பொம்பளை மோட்டார் வாங்குறதா போட்டா எவன் நம்புவான்?” என்றார். எழுதியது என்ன தெரியுமா? பெண்டாட்டி சிணுங்குகிறாள்: “என்னங்க, நம்ம வீட்டு மல்லிகைச் செடி வாடுதுங்க.” புருஷன் ஐந்து குதிரைசக்தி மோட்டார் வாங்கித் தருகிறான். ஒரு மல்லிகைச் செடிக்கு!

அந்த ஆட்டோ கூமாப்பட்டிக்குள் போனபோது நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கரையேறி வந்து டிரைவரை மறித்தாளாம். “எம் புருசன் பார்டர்ல நிக்காக. நான் யாருகிட்டப் போய்ச் சிணுங்க? உங்கிட்டச் சிணுங்கவா?” என்று கேட்டாளாம். டிரைவர் வந்து சொன்னதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ‘பார்டர்’ என்று குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே ஒரு கேசட்: பட்டாளத்துப் புருஷன் லீவில் வருகிறான், பெண்டாட்டி கேட்கிறாள், “எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?”

இப்படிப்பட்ட ஆளிடம் ஏன் ஒன்றரை வருஷம் இருந்தாய் என்று கேட்டால், பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது? நான் தெருவில் நடந்தால் “ஏட்டி, ‘என்னங்க’ வாராடி” என்பார்கள். குழாய் ஸ்பீக்கரில் என் குரல் கேட்கும்போது உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருக்கும். அந்தக் குரல் யாருக்கு வேலை செய்கிறது என்று நான் யோசித்ததில்லை.

கடைகளில் போய் நின்று பார்த்திருந்தால் யோசித்திருப்பேன். கேசட்டில் புருஷன் வாங்கித் தருகிறான். கடையில் வாங்கியது எல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிரைண்டரைத் தடவிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்று மறுபடியும் உள்ளே வருகிறவர்கள். புருஷன் வாங்கித் தந்த கிரைண்டரை அந்த ஊர்ப்பக்கம் நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. எல்லாம் சீர்வரிசையில் வந்தது.

எனக்கும் மாப்பிள்ளை அமைந்தது. மகாராஜபுரம், விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை போலீஸ். பேச்சுவார்த்தையில் அப்பா முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டார்: நகையும் பாத்திரமும் உண்டு, வேறு சாமான் எதுவும் முடியாது. காரணம் என் தங்கச்சி. பிளஸ் டூவில் நல்ல மார்க். மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் பி.எஃப். பணம் அதற்கென்று இருந்தது. தங்கச்சி வெள்ளைத் துணி எடுத்து, யூனிபார்ம் எப்படித் தைப்பது என்று டெய்லரிடம் விசாரித்துக்கூட வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றுதான் சொன்னார்கள்.

புரட்டாசி சனிக்கிழமை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஜனம் அத்தனையும் திரளும். மலையடிவாரத்தில் விளம்பர ஆட்டோவை நிறுத்திவிட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அங்கே நான் கலர் டி.வி. கேட்டேன், கிரைண்டர் கேட்டேன், மெத்தை கேட்டேன். மொட்டை போட வந்திருந்த என் வருங்கால மாமியார் அங்கே நின்று அதையெல்லாம் கேட்டாள்.

அடுத்த வாரம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “சம்பந்தி, நாங்க வாய் தொறந்து எதும் கேக்கல” என்றாளாம் அந்த அம்மா. “உங்க மகதான் ஊரு பூராவும் கேட்டுக்கிட்டு இருக்கா. பிள்ளைக்கு அம்புட்டு ஆசை இருக்கையில நீங்க குடுக்காம அனுப்புனா, பொறவு அவ எம் மகன்கிட்டல்லா வந்து நிப்பா?”

வேண்டுமென்று சொன்னாளா, உண்மையிலேயே நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பியிருக்கவும் கூடும். ஒரு பெண் ஆசைப்படாமல் அப்படிக் குழைந்து கேட்க முடியும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்பா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு, பி.எஃப். ஆபீசுக்கு என்ன மனு எழுத வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். தங்கச்சி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போய் அவரிடம் நின்றேன். உள்ளறையில் தனியாக உட்கார்ந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க ஒருவாட்டி மகாராஜபுரம் வந்து சொல்லுங்க. அது நீங்க எழுதுன டயலாக்கு, நான் எதும் கேக்கலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ.”

“என்ன விசயம் பிள்ள? நிதானமாச் சொல்லு.”

சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே பாட்டுச் சத்தம் என்பதால் சாத்துகிறார் என்று நினைத்தேன். மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன்.

“யாரால முடியாதுங்குற? தெளிவாச் சொல்லு.”

“எங்க அப்பாவால முடியாது சார்.”

“அழாமச் சொல்லு பிள்ள, புரியல.”

“எங்க அப்பாவால முடியாது சார். அம்புட்டுப் பணம் எங்க அப்பாகிட்ட இல்ல. எந் தங்கச்சி படிப்பு போயிரும்.” அழாமல் சொல்லப் போய்த்தான் உடைந்து அழுதேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு பிளாஸ்கைத் திறந்து பனங்கற்கண்டு வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. “போ, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிடை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான்கு நாள் கழித்து எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வந்தது. நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“எங்க அப்பாவால முடியாது... அம்புட்டுப் பணம் எங்க அப்பாகிட்ட இல்ல...” என் அழுகை குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்க விழுந்தது. உடனே அவர் குரல், எக்கோ வைத்து: “முடியும்மா, முடியும்! கல்யாணச் சீருக்குத் தனித் தள்ளுபடி! கண்ணீரைத் துடைங்க, கடைக்கு வாங்க!” அப்புறம் என் சிரிப்பு. பழைய கேசட்டிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். ‘சார்’ என்று நான் சொன்ன இடங்களைச் சுத்தமாக நீக்கியிருந்தார். தொழில் தெரிந்தவர்.

செருப்புக்கூடப் போடாமல் பஞ்சு மார்க்கெட்டுக்கு ஓடினேன். நான் கத்தியது மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் கடை வரை கேட்டதாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நடிக்கச் சொன்னா உனக்கு அழுகை வராது பிள்ள. தானா வந்தத விடலாமா? கடைக்காரர் ரெண்டு கேசட்டு கூடக் கேக்காரு.” பிறகு, என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, “இப்பக் கத்துனியே, இதுகூட நல்லாத்தான் வருது” என்றார்.

பாவி மனுஷன், கிண்டலாகச் சொல்லவில்லை. பாராட்டினார்.

முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் ராஜபாளையத்துக் கடையில் கூடினோம். சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே மாமியார், “டி.வி. மட்டும் பெருசா இருந்தாத் தேவல சம்பந்தி” என்றாள். அப்பா சேலையின் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். இதைவிட்டால் சொல்ல வேறு நேரம் கிடையாது என்று தோன்றியது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“எங்க அப்பாவால முடியாது.”

ஒரு கணம்தான். சேலை எடுத்துப் போடுகிற பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கல்லாவில் இருந்தவர், பிறகு மாமியார், அவள் கூட வந்த பெண்கள். கடையே சிரித்தது. மாப்பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டு, கேசட்டில் வருகிற அதே குரலில் எக்கோ கொடுத்து, “முடியும்மா, முடியும்! கண்ணீரைத் துடைங்க, கடைக்கு வாங்க!” என்று முடித்தார்.

“நெசமாத்தான் சொல்லுதேன்” என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். “எம்புட்டு அழகா நடிக்கா” என்றாள் ஒருத்தி. நான் அப்பாவைப் பார்த்தேன். சபையில் தனியாக உம்மென்று இருக்கக் கூடாதே என்று அவரும் சிரித்தார்.

அந்த வாரமே அப்பா மனு கொடுத்தார். சாமான்கள் எல்லாம் சொன்னபடி வாங்கியாகிவிட்டது. மதுரையிலிருந்து வந்த கடிதத்துக்குத் தங்கச்சி பதில் போடவில்லை. அப்பா வேலை பார்த்த மில்லிலேயே ரீலிங்கில் சேர்ந்தாள். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். என் கல்யாணத்துக்காகக் காலை ஷிப்ட்டை ராத்திரி ஷிப்ட்டாக மாற்றிக்கொண்டு, தலையில் பஞ்சுத் தூசியோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு வந்தாள்.

அவரும் வந்திருந்தார். முதல் வரிசையில், அதே வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை வீட்டார் அவரைத்தான் முதலில் உபசரித்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்குகிற நேரம் வந்தது. தங்கச்சிதான் திருநீற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு எங்கள் கூட வந்தாள். மாமா, சித்தப்பா, மாப்பிள்ளையின் பெரியப்பா என்று ஒவ்வொருவராக முடிந்து, அப்பா அவர் பக்கம் கையைக் காட்டினார். “உனக்குப் பிழைப்பு குடுத்தவரு. விழுந்து கும்பிடு தாயி.”

என் கணவர் குனியத் தொடங்கிவிட்டார். நானும் குனிந்தேன். எங்களுக்குப் பூசிவிட அவர் திருநீறு எடுக்கத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

தங்கச்சி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இவருக்குத் தட்டு நீட்ட மாட்டேன்” என்றாள். “எக்கா, இவரு காலுல விழாத. எங்க அக்கா அழுதத வித்தவரு இவரு. எம் படிப்பு இவராலதான் போச்சு.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மில்லில் மிஷின் ஓடும்போது பேசிப் பழகியிருந்தாள், ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அவர் சுற்றிலும் பார்த்துப் புன்னகைத்தார். “சின்னக்குட்டிக்குக் கோவம் வருது பாத்தியளா” என்று வழக்கம்போலக் கொஞ்சலாகச் சொன்னார். சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவள் குரலை அவர்கள் எந்தக் கேசட்டிலும் கேட்டதில்லை. அதனால் அவள் சொன்னது அவள் சொன்னதாகவே அவர்களுக்குக் கேட்டது. என் மாமியார் தரையைப் பார்த்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே அவர் நின்றார். நான் நிமிர்ந்துவிட்டேன். விழவில்லை.